ஹன்னா ஏறிய வண்டி

ஜூன் 3, திங்கள்

பெனிட்டா போன் செய்தாள். வாசகர் வட்டத்தில் 'என் எழுத்தாளர்' என்று மாதம் ஒருவரைப் பேச வைக்கிறார்கள். ஜூலைக் கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம். "டீச்சர், மார்த்தா பெல்லிங்னா பாளையங்கோட்டையில உங்கள விட்டா வேற யாரு இருக்கா? மாட்டேன்னு சொல்லிராதிய" என்றாள். பெனிட்டா என் வீட்டுக்காரரிடம் படித்தவள். இவர் வேலை பார்த்த கல்லூரியிலேயே இப்போது ஆங்கிலம் நடத்துகிறாள்.

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "பெல்லிங்கா?" என்று நான் திருப்பிக் கேட்டதும் கட்டிலில் இவர் தலையைத் திருப்பி என்னையே பார்த்தார். மார்ச்சில் பக்கவாதம் வந்த பிறகு இவ்வளவு ஆசையோடு இவர் எதையும் பார்த்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒரே நாளில் போயின. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும் என்கிறார்கள். வாசிப்பு திரும்பாதாம். எழுத்து கண்ணுக்குத் தெரிகிறதாம், மனசு அதைக் கூட்டமாட்டேன் என்கிறதாம். டாக்டர் இதைச் சொன்னபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதேன். ஆங்கிலப் பேராசிரியர் ஆறுமுகநயினாரால் இனி ஒரு கடை போர்டு கூடப் படிக்க முடியாது.

காஸ் புக் பண்ண வேண்டும். கிணற்று மோட்டார் மறுபடி இரைகிறது.

ஜூன் 5, புதன்

செல்லக்கிளி இவரைக் குளிப்பாட்டும் நேரத்தில் பேச்சுக்குக் குறிப்பு எடுக்க உட்கார்ந்தேன். (அவள் பகல் முழுக்க இருந்து இவரைப் பார்த்துக்கொள்கிறாள். வாய்தான் ஓயாது. கை சுத்தம்.)

நான் தமிழாசிரியை. என் ஆங்கிலம் பரீட்சையில் பாஸ் செய்த ஆங்கிலம், நாவல் படிக்கிற ஆங்கிலம் இல்லை. அந்தக் காலத்து இங்கிலாந்துக்காரி பெல்லிங்கின் ஒன்பது நாவலும் எனக்குத் தெரியும் என்றால் அது இவர் சொல்லித்தான். கல்யாணமான வருஷத்திலிருந்து இதுதான் எங்கள் வழக்கம். விளக்கு வைத்த பிறகு நான் பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருப்பேன். இவர் புத்தகத்தை மடியில் விரிப்பார். கண் ஆங்கிலத்தில் ஓடும், வாய் தமிழில் சொல்லும். இங்கிலாந்துப் பாதிரியாரும் பால்காரியும் அப்படியே நம்ம வண்ணார்பேட்டைத் தமிழில் சண்டை போடுவார்கள். நல்ல இடம் பார்த்து மூடிவிடுவார். "அப்புறம்?" என்பேன். "நாளைக்கு" என்பார். ஸ்டாஃப் ரூமில் மற்ற டீச்சர்கள் சினிமாக் கதை பேசும்போது, நான் இங்கிலாந்து போய் வந்த பவிசில் உட்கார்ந்திருப்பேன்.

பெல்லிங்கின் வாழ்க்கையும் அப்படித் தெரிந்ததுதான். அவள் எழுதும்போது புருஷன் பக்கத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டு நிற்பானாம். எண்ணெய் தீர்ந்தால்தான் நாவல் நிற்குமாம். அவன் செத்த மூன்றாம் நாள் அவளும் போய்விட்டாள். பேச்சை அந்த விளக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

இவர் இன்று ஒரு இட்லி முழுதாகச் சாப்பிட்டார்.

'வடக்குப் பள்ளிக்கூடம்' நாவலைத்தான் பேச்சில் விரிவாகச் சொல்லப் போகிறேன். ஹன்னா ஒரு பாதிரியாரின் மனைவி. வடக்கே ஒரு மீன்பிடி ஊரில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் தொடங்குகிறார்கள், அதை நடத்த அவளைக் கூப்பிடுகிறார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு வண்டிப்பேட்டை வரைக்கும் போகிறாள். குதிரை பூட்டியாகிவிட்டது. அப்போது தன் வீட்டு அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வருகிறது. திரும்பி வந்துவிடுகிறாள். அடுத்த வருஷம் அவள் ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடம் அவளைத் தேடி வருகிறது.

இந்தக் கதையை இவர் சொன்ன வருஷம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போதுதான் வால்பாறைப் பக்கம் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. இவர் ஒரு வார்த்தை தடுக்கவில்லை. "உன் இஷ்டம் ஆவுடை" என்றார். எங்கள் பள்ளியில் கணக்கு எடுத்த ரஹ்மத், "இப்பிடி ஒரு மனுசன் யாருக்குட்டி வாய்க்கும்? போய்ட்டு வா" என்றாள். நானும் மலைக் குளிருக்குப் போர்வை எல்லாம் வாங்கிவிட்டேன். அந்த வாரம் ஹன்னா திரும்பி வந்தாள். மறுநாள் நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

என்னைத் தேடி எந்தப் பள்ளிக்கூடமும் வரவில்லை, அது வேறு விஷயம். ஒரே வகுப்பறை ஜன்னலைப் பார்த்தபடி தமிழாசிரியையாகவே ஓய்வு பெற்றேன். வருத்தம் ஒன்றும் இல்லை. கம்பளிப் போர்வை இன்னும் பரணில் கிடக்கிறது. நம்ம ஊர் வெயிலுக்கு அதை யார் போர்த்துவார்கள்?

ஜூன் 15, சனி

இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் பெனிட்டா வந்தாள். பேச்சில் நடுநடுவே ஆங்கிலத்தில் இரண்டு வரி சொன்னால் எடுப்பாக இருக்குமே என்று நான்தான் வரச் சொன்னேன். இவருடைய அலமாரியிலிருந்து 'வடக்குப் பள்ளிக்கூட'த்தை எடுத்துக் கொடுத்து, "கடைசியில ஹன்னா வண்டிப்பேட்டையில இருந்து திரும்பி வருவால்லா, அந்த இடத்த வாசி" என்றேன்.

"திரும்பி வருவாளா?" என்றாள்.

"ஆமா. அடுப்புல பால் இருக்குன்னு."

பெனிட்டா பக்கத்தைப் புரட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "டீச்சர், அவ வண்டியில ஏறிப் போயிருவால்லா. நாவலே அதோட முடிஞ்சிரும்."

"நல்லாப் பாரும்மா. வேற புஸ்தகமா இருக்கப் போவுது."

"நான் இத நாலு வருசமா பாடம் நடத்துதேன் டீச்சர்."

தமிழில் சொல்லச் சொன்னேன். தட்டுத் தடுமாறிச் சொன்னாள். ஹன்னா அடுப்பை அணைக்கிறாள். பாலை மூடி வைக்கிறாள். புருஷனுக்கான சாப்பாட்டைத் தட்டுப் போட்டு மூடி வைக்கிறாள். பிறகு போய் வண்டியில் ஏறுகிறாள். வண்டி புறப்படுகிறது. அவ்வளவுதான். திரும்பி வந்தாளா இல்லையா என்று கூடப் பெல்லிங் சொல்லவில்லை.

"சரி, விளக்குப் பிடிச்ச கதைய எடு. அவ வீட்டுக்காரரு..." என்றேன். பெனிட்டா தயங்கினாள். பிறகு முன்னுரையைக் காட்டினாள். முப்பத்தோரு வயதில் பெல்லிங் புருஷனை விட்டுப் பிரிந்து வந்துவிட்டாளாம். ஒரு துறைமுக ஊரில் ரொட்டிக் கடை மாடியில் தனியாக இருந்துதான் ஒன்பது நாவலையும் எழுதினாளாம். விளக்கும் இல்லை, விளக்குப் பிடித்தவனும் இல்லை. அந்த வரிகளுக்குக் கீழே நேரான பென்சில் கோடு. கோடு போடும்போது ஸ்கேல் வைத்துப் போடுவது இவர் பழக்கம்.

"சார் ஏன் இப்பிடி..." என்று பெனிட்டா ஆரம்பித்தாள். "காப்பி ஆறுது, குடி" என்றேன்.

அடுத்த அறையில் இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

ஜூன் 16, ஞாயிறு

சமைத்தேன். ஊட்டினேன். பேசவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

நாற்பது வருஷம் என் காதில் பூச்சுற்றியிருக்கிறார். அதுவும் ஒரு முழம் இரண்டு முழம் இல்லை, கூடை கூடையாக. நானும் தலையை ஆட்டி ஆட்டி வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

போகாதே என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். எனக்குச் சண்டை போடத் தெரியும், ஸ்கூலில் கேட்டால் சொல்வார்கள். அதனால்தான் சொல்லவில்லை. "உன் இஷ்டம்" என்று வாயால் சொல்லிவிட்டு, அந்த இஷ்டத்தை சாயங்காலம் சாயங்காலமாக உட்கார்ந்து மாற்றியிருக்கிறார். ஊரே இவரைப் புகழ்ந்தது. நானும் புகழ்ந்தேன்.

செல்லக்கிளி கேட்டாள்: "என்னம்மா, சார் கூட மல்லுக்கு நிக்கியளா? பாவம், வாய் பேச முடியாத மனுசன்." வாய் பேச முடிந்தபோது அவர் என்ன பேசினார் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்க நினைத்தேன். மோட்டார்க்காரன் வந்துவிட்டான்.

ஜூன் 22, சனி

பெனிட்டாவைத் திரும்ப வரச் சொன்னேன். எனக்குப் பிடித்த இடங்களை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி, இது இருக்கிறதா, இது இருக்கிறதா என்று கேட்டேன். மருமகள் கொண்டுவந்த பாத்திரத்தை எண்ணிப் பார்க்கிற மாமியார் மாதிரி எனக்கே வெட்கமாக இருந்தது. விடவும் முடியவில்லை.

முதல் நாவலில் பால்காரி அழுதுகொண்டு நிற்க, அடுப்பில் பால் பொங்கும் இடம் இருக்கிறது. மூன்றாவது நாவலில் இரண்டு சகோதரிகள் ஒரே சால்வைக்காகச் சண்டை போட்டு, கடைசியில் அதை வழியில் பார்த்த ஒரு கிழவிக்குக் கொடுத்துவிட்டு இருவரும் குளிரில் நடக்கிறார்கள், அதுவும் இருக்கிறது, சொல்லுக்குச் சொல். கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அது அவளுடையதுதான்.

ஆனால் நான் வகுப்பில் எத்தனையோ தடவை சொன்ன ஒரு வரி இருக்கிறது. 'ஆணுக்குக் கோபம் வந்தால் தொப்பியைத் தேடுவான், பெண்ணுக்குக் கோபம் வந்தால் தரையைக் கழுவுவாள்.' பெனிட்டா தேடித் தேடிப் பார்த்தாள், எங்கேயும் இல்லை. "இது சார் சேத்ததா இருக்கும் டீச்சர். ஆனா நல்லாருக்கு, இல்லையா?" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன், சிரித்த பிறகுதான் கோபம் வந்தது.

நான் இத்தனை வருஷம் யாரைப் பிடித்துப்போய்க் கேட்டேன் என்றே இப்போது தெரியவில்லை. அவளையா, இவரையா? பாதிப் பாதி என்றால், எந்தப் பாதி?

பெனிட்டா போன பிறகு கவனித்தேன், ஹால் தரையைக் கழுவி முடித்திருந்தேன்.

ஜூன் 27, வியாழன்

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்தாள். படத்தைக் காட்டிச் சொல்லச் சொல்வாள். 'தண்ணி', 'கை', 'வேண்டாம்' மூன்றும் வருகின்றன. "கேள்வி கேட்டுக்கிட்டே இருங்கம்மா, பதில் சொல்லணும்னு ஒரு வேகம் வரணும்" என்றாள்.

அவள் போனதும் நாற்காலியைக் கட்டிலுக்கு நேரே போட்டு உட்கார்ந்தேன். "ஏன் மாத்துனிய?" என்று கேட்டேன்.

வாய் கோணியது. தொண்டையில் ஏதோ புரண்டது. வரவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது. முன்பெல்லாம் உடனே துடைத்துவிடுவேன். இன்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் துடைத்தேன்.

ஜூலை 1, திங்கள்

இன்றும் கேட்டேன். இல்லை.

ஜூலை 4, வியாழன்

வந்துவிட்டது.

மத்தியானம் ரசஞ்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். நான் கேட்கக்கூட இல்லை. இவரே இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். "நீ..." என்றார். பிறகு மூச்சு வாங்கினார். உதட்டோரத்தில் சாதம் ஒட்டியிருந்தது. "நீ... போவல" என்றார்.

மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பயந்துவிட்டேன் ஆவுடை, தனியாக இருக்கத் தெரியாது ஆவுடை, இப்படி ஏதாவது. அதற்காகத்தான் ஒரு வாரமாகக் காத்திருந்தேன். அதைச் சொல்லியிருந்தால் நான் உருகித்தான் போயிருப்பேன், எனக்கு என்னைத் தெரியும். இவர் சொன்னது அது இல்லை. சொல்லிவிட்டுச் சிரித்தார். பாதி முகந்தான் சிரித்தது, ஆனால் சிரிப்பு முழுசு. கெட்டிக்கார மாணவன் சரியான விடையைச் சொல்லிவிட்டு வாத்தியார் முகத்தைப் பார்க்கிற சிரிப்பு.

நீ போகவில்லை. அதனால் செய்தது சரி. இத்தனை வருஷம் இவர் மனசில் இருந்தது இதுதான்.

மீதிச் சாதத்தையும் ஊட்டி முடித்தேன். வாயைத் துடைத்தேன். மாடிக்குப் போய் தொட்டிக்குப் பின்னால் நின்று, வாய்விட்டு, ஒரு தமிழாசிரியை சொல்லக்கூடாத வார்த்தைகளை எல்லாம் சொன்னேன்.

ஜூலை 5, வெள்ளி

ரஹ்மத்தைப் பார்க்க மேலப்பாளையம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் டீ போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பிறகு, "அந்த வால்பாறைப் பள்ளிக்கூடம் இன்னும் அங்ஙனதானட்டி இருக்கும்?" என்றாள்.

"இப்ப போய் என்ன செய்ய? எனக்கு அறுபத்தாறு வயசு."

"நடத்தவா போறோம்? பாத்துட்டு வருவோம்."

ஜூலை 10, புதன்

மூன்று நாளாகப் பெனிட்டா கல்லூரி விட்டு நேரே இங்கே வருகிறாள். கடைசி அத்தியாயத்தை அவள் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, நான் என் தமிழில் திருப்பிச் சொல்கிறேன். இவர் எப்படிச் சொன்னார் என்பது நாக்கு நுனிக்கு வந்துகொண்டே இருக்கிறது, பிடித்துத் தள்ளுகிறேன். பெல்லிங் இவரைப் போல வளவளவென்று சொல்லவில்லை. அழவும் வைக்கவில்லை. ஹன்னா அடுப்பை அணைத்தாள் என்றால் அணைத்தாள், அவ்வளவுதான். அணைத்த கை என்ன நினைத்தது என்று நாம்தான் யோசிக்க வேண்டும். பெல்லிங் இவ்வளவு குறைவாகப் பேசுபவள் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

அடுத்த அறையில் ஒரு சத்தமும் இல்லை. இவர் கேட்கிறார்.

ஜூலை 14, ஞாயிறு

கூட்டம் முடிந்தது. பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு போனேன்.

"மார்த்தா பெல்லிங்கை எனக்குத் தெரிந்து ஒரு மாதந்தான் ஆகிறது" என்று ஆரம்பித்தேன். எல்லோரும் சிரித்தார்கள், அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். ரொட்டிக் கடை மாடியைப் பற்றிச் சொன்னேன். கீழே மாவு பிசையும் சத்தம், மேலே அவள் எழுதுவது, குளிர் காலத்தில் அடுப்புச் சூடு தரை வழியாக ஏறி அவள் காலுக்கு வருவது. எல்லாம் முன்னுரையில் இருப்பது. நானாக எதையும் சேர்க்கவில்லை. சேர்க்க ஆசையாகத்தான் இருந்தது. கடைசி அத்தியாயத்தை முழுக்கச் சொன்னேன். வண்டி புறப்பட்டதும் நிறுத்திவிட்டேன். முன்வரிசையில் ஒரு பெண், "அப்புறம்?" என்றாள், தன்னை மறந்து.

ஒருவர் எழுந்து கேட்டார்: "அந்தக் காலத்து அம்மா, அந்த ஊரு. நமக்கும் அவுகளுக்கும் என்ன சம்பந்தம்? இன்னும் ஏன் படிக்காங்க?"

இதற்கு ஒரு பதில் எழுதி வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு வாயில் வந்ததைச் சொன்னேன். "ஒரு பொய்க்காரர் கையில அவ நாப்பது வருசம் மாட்டிக்கிட்டிருந்தா. வாழ்க்கைய மாத்திச் சொன்னாரு, முடிவ மாத்திச் சொன்னாரு. அப்பவும் அவ சாகல. அந்தப் பால் பொங்குத இடத்துல இருந்து என்னைய எட்டிப் பாத்துக்கிட்டேதான் இருந்தா. இதுக்கு மேல ஒரு எழுத்துக்கு என்ன பலம் வேணும்?"

யார் அந்தப் பொய்க்காரர் என்று யாரும் கேட்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் யாரோ என்று நினைத்திருப்பார்கள். நன்றாகக் கைதட்டினார்கள். பெனிட்டா மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். வெளியே வரும்போது இவரோடு வேலை பார்த்த ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் நயினார் சார் ஊட்டுன அறிவுல்லா? நீங்க குடுத்து வச்சவங்கம்மா" என்றார்.

"ஆமா, ஊட்டுனாரு" என்றேன்.

ஜூலை 15, திங்கள்

விளக்கு வைத்த பிறகு 'வடக்குப் பள்ளிக்கூட'த்தை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இவர் கண்ணில் வெளிச்சம் வந்தது. நான்கு மாதமாக இந்த வீட்டில் கதை இல்லை. புத்தகத்தை மடியில் விரித்தேன். எனக்கு அதைப் படிக்க முடியாது, இவருக்கும் முடியாது. இருந்தாலும் விரித்துத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

சொன்னேன். பெட்டி, அடுப்பு, பால், தட்டுப் போட்டு மூடிய சாப்பாடு. ஹன்னா வண்டிப்பேட்டைக்கு வந்ததும் இவர் இடது கையைத் தூக்கி, திரும்பு, திரும்பு என்பது போல் ஆட்டினார்.

"ஏறிட்டா" என்றேன்.

தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார். முகம் சிவந்தது. நான் நிறுத்தவில்லை. வண்டி நகர்ந்தது. புத்தகத்தை மூடினேன்.

"மாத்து" என்றார்.

இவ்வளவு தெளிவாக ஒரு சொல் மார்ச்சுக்குப் பிறகு இவர் வாயிலிருந்து வந்ததில்லை. பயிற்சி கொடுக்கும் பெண் கேட்டிருந்தால் குதித்திருப்பாள். என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி சொன்னார். "ஆவுடை... மாத்து."

என் பெயரும் வந்துவிட்டது. இதற்காக நான் எத்தனை கோவிலில் வேண்டியிருக்கிறேன்.

"மாட்டேன்" என்றேன். "புஸ்தகத்துல அப்பிடி இல்ல."

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு எழுந்தேன். நாளைக் காலையில் ரஹ்மத்தோடு வால்பாறை போகிறேன். செல்லக்கிளி ராத்திரியும் இங்கேயே தங்கச் சம்மதித்துவிட்டாள், பெனிட்டாவும் வந்து பார்த்துக்கொள்வாள். மாத்திரை எல்லாம் பிரித்து வைத்தாயிற்று. ரசத்தை மூடி வைத்தேன். பரணிலிருந்து போர்வையை இறக்கி உதறினேன், இரண்டு இடத்தில் பூச்சி அரித்திருந்தது, பரவாயில்லை. இவர் எதிரிலேயே பையில் மடித்து வைத்தேன். பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பையைப் பார்த்தார். "அ... அப்..." என்றார். முடிக்க முடியவில்லை. என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும், நாற்பது வருஷம் நான் கேட்டதுதான்.

வெள்ளிக்கிழமை திரும்பிவிடுவேன். இங்கே எழுதி வைக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை.